95-இலிருந்து 98-க்கு: ஒரு 911 இன்ஜினுக்குப் பெரிய சிலிண்டர் தேர்ந்தெடுத்தல்

ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினைப் பிரித்துப் பாகங்களை மேசையில் பரப்பி வைத்தவுடன் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இவ்வளவு தூரம் பிரித்தாகிவிட்டது, பழைய பிஸ்டன்களையே ஏன் திரும்பப் போட வேண்டும்? இந்தக் கேள்வியில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அதற்கு விடை தேடுகிறவர்கள் பெரும்பாலும் பிஸ்டன் விற்பவரின் விலைப்பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். எத்தனை மில்லிமீட்டர் கிடைக்கும், எத்தனை குதிரைத்திறன் கூடும் என்பதே பேச்சாக இருக்கிறது. என் அனுபவத்தில் சிலிண்டரின் உள்விட்டம் கடைசியாக முடிவாக வேண்டிய எண். இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸ் எவ்வளவு இடம் தரும், சிலிண்டரை மூடி வால்வுகளைத் தாங்கும் ஹெட் எவ்வளவு காற்றை விடும், ஊரில் என்ன பெட்ரோல் கிடைக்கும், எரிபொருள் அமைப்பு எதைத் தாங்கும் என்ற நான்கும் முதலில் தெரிய வேண்டும். அவை தெரிந்துவிட்டால் உள்விட்டம் ஏறத்தாழ தானாகவே முடிவாகிவிடும்.

நான் பேசுவது 1982-ஆம் ஆண்டின் போர்ஷே 911 எஸ்.சி. பற்றி. கலிபோர்னியாவில் ஓடும் அமெரிக்கச் சந்தை வண்டி. பின்புறத்தில் காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் இன்ஜின், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும் அமைப்பு. உள்விட்டம் 95 மி.மீ., வீச்சு, அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே ஓடும் தூரம், 70.4 மி.மீ., கொள்ளளவு 2994 சி.சி., கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற அழுத்த விகிதம் 9.3, திறன் 180 குதிரைத்திறன். நாற்பது ஆண்டு உழைத்த இன்ஜினுக்கு வயதின் தேய்மானம் எல்லாம் இருந்தது. வால்வு கைடுகள் தளர்ந்து, புகையும் எண்ணெய்ச் செலவும் கூடி, பிரித்தே ஆக வேண்டிய நிலைக்கு வந்திருந்தது.

இந்த இன்ஜின் குடும்பத்தின் வரலாறே உள்விட்டத்தைப் பெருக்கிய வரலாறுதான். அது தெரியாமல் இந்தத் தேர்வைச் செய்யக் கூடாது என்று நினைக்கிறேன். ஹான்ஸ் மெட்ஸ்கரின் தலைமையில் உருவான முதல் 911 இன்ஜினின் உள்விட்டம் 80 மி.மீ., வீச்சு 66 மி.மீ., கொள்ளளவு 1991 சி.சி. 1970 மாடலில் உள்விட்டம் 84 ஆனது. கொள்ளளவு 2195 சி.சி. 1972 மாடலில் வீச்சை 70.4 ஆக நீட்டினார்கள், 2341 சி.சி. ஆனது. 1973-இல் கரேரா ஆர்.எஸ். வந்தபோது உள்விட்டம் 90, கொள்ளளவு 2687. அதன்பின் 3.0 லிட்டருக்கு 95, 3.3 டர்போவுக்கு 97, பிந்தைய 911 தலைமுறையான 964-க்கு 100, அதற்கடுத்த தலைமுறையில் 1995-இன் 993 ஆர்.எஸ்.-க்கு 102. இத்தனை வளர்ச்சியிலும் ஒரே ஓர் அளவு மாறவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களின் மையத்துக்கும் மையத்துக்கும் இடையே உள்ள தூரம் முதல் 911-இலும் கடைசிக் காற்றுக்குளிர் 911-இலும் 118 மி.மீ.தான். உள்விட்டம் 80 ஆக இருந்தபோது இரண்டு துளைகளுக்கு நடுவே 38 மி.மீ. இருந்தது, 102 ஆனபோது 16 மி.மீ. மட்டுமே மிஞ்சியது. அந்த இடைவெளிக்குள்தான் சிலிண்டரின் சுவர், குளிர்விக்கும் சிறகுகள், அவற்றுக்கிடையே ஓடும் காற்று எல்லாம் அடங்க வேண்டும். ஒவ்வொரு மில்லிமீட்டரையும் யாரோ ஒருவர் எங்கிருந்தோ எடுத்துத்தான் கொடுத்திருக்கிறார்.

அதில் 84-இலிருந்து 90-க்குப் போன படியை நான் மிகவும் மதிக்கிறேன். அதுவரை இருந்த பிரால் சிலிண்டர், உள்ளே வார்ப்பிரும்புக் குழலும் வெளியே அலுமினியச் சிறகுகளும் கொண்டது. கேஸில் சிலிண்டர் இறங்கும் துளை குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெருக முடியாத நிலையில், இரும்புக் குழலை வைத்துக்கொண்டு 90-ஐ எட்டினால் சுவர் மெலிந்துவிடும். போர்ஷேயும் மாலே நிறுவனமும் 917 பந்தயக் காரில் பயன்படுத்திய நிகாசில் முறையை இங்கே கொண்டுவந்தார்கள். முழுச் சிலிண்டரும் அலுமினியம்; உட்சுவரில் நிக்கலோடு சிலிக்கன் கார்பைடு துகள்கள் கலந்த மெல்லிய பூச்சு மட்டும். குழலே இல்லை என்பதால் அதன் கனம் மிச்சமாயிற்று. அந்த மிச்சம்தான் 2.7 லிட்டர்.

அந்த 2.7 ஆர்.எஸ்.-ஐ இன்றைக்கும் பாடமாகப் படிக்கலாம். ஏனென்றால் 2.4 லிட்டர் 911 எஸ்-இன் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), வால்வுகள், 8.5 அழுத்த விகிதம் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு உள்விட்டத்தை மட்டுமே பெருக்கினார்கள். கொள்ளளவு 15 சதவீதம் கூடியது. திறன் 190-இலிருந்து 210 ஆனது, அதாவது சுமார் 10 சதவீதம். முறுக்கு விசையோ 216 நியூட்டன் மீட்டரிலிருந்து 255 ஆனது, 18 சதவீதம். உச்சத் திறன் கிடைக்கும் சுழற்சி 6500-இலிருந்து 6300-க்கு இறங்கியது. இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: ஹெட்டையும் கேமையும் தொடாமல் உள்விட்டத்தை மட்டும் கூட்டினால், அது நடுச் சுழற்சியில் இழுவையாகத்தான் திரும்பி வரும், உச்சியில் அதே அளவு வராது. மேலே காற்று போகும் வழி பழைய அளவிலேயே இருப்பதுதான் காரணம். சாலையில் ஓட்டுகிறவனுக்கு இது நல்ல செய்தி. குதிரைத்திறன் எண்ணை மட்டும் எதிர்பார்க்கிறவருக்கு ஏமாற்றம்.

உள்விட்டத்தைக் கூட்டுவதா, வீச்சை நீட்டுவதா என்றும் சிலர் கேட்பார்கள். வீச்சை நீட்ட வேண்டுமானால் கிராங்க்கை மாற்ற வேண்டும். கனெக்டிங் ராடும் அதற்கேற்ப மாற வேண்டும். 1984-இன் 3.2 கரேரா இந்த வழியில்தான் வந்தது: அதே 95 மி.மீ. உள்விட்டத்தோடு 74.4 மி.மீ. வீச்சு, 3164 சி.சி. ஆனால் அதன் ராடு போல்ட்டுகள் 9 மி.மீ. மட்டுமே தடிமன் கொண்டவை. வேகமாகச் சுழற்ற விரும்புகிறவர்கள் அவற்றைத்தான் முதலில் மாற்றுவார்கள். வீச்சு கூடினால் பிஸ்டன் ஓடும் சராசரி வேகமும் கூடும். நிமிடத்துக்கு 6500 சுழற்சியில் 70.4 வீச்சுக்கு நொடிக்கு 15.25 மீட்டர், 74.4-க்கு 16.1 மீட்டர். என் கிராங்க் நல்ல நிலையில் இருந்தது. அதைத் தொடாமல், விரைந்து சுழல விரும்பும் அதன் குணத்தையும் கெடுக்காமல், உள்விட்டத்தின் வழியாகவே கொள்ளளவைத் தேடுவது என்று முடிவு செய்தேன்.

கோயம்புத்தூரில் லேத் பட்டறைக் குடும்பத்தில் பிறந்த நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் உடனே கேட்டார்: "ஏண்ணே, இருக்கிற சிலிண்டரையே போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதுதானே?" நம் ஊர்ப் பழக்கத்தில் பிறந்த நியாயமான கேள்வி. புல்லட்டின் வார்ப்பிரும்பு பேரலைத் தேயத் தேயக் கடைந்து, அடுத்த ஓவர்சைஸ், அதற்கடுத்த ஓவர்சைஸ் என்று பிஸ்டன் போட்டுப் பல ஆண்டுகள் ஓட்டுவது நமக்குத் தெரிந்த கலை. இரும்புச் சுவர் ஆழம் முழுவதும் ஒரே பொருள். எவ்வளவு கடைந்தாலும் புதிய முகமும் அதே இரும்புதான். நிகாசில் அப்படி அல்ல. அந்தப் பூச்சைக் கடைந்தால் கீழே மென்மையான அலுமினியம்தான் இருக்கும். பிஸ்டன் ரிங் அதன்மேல் ஓட முடியாது. பழைய பூச்சை முழுதாக நீக்கி, அலுமினியத்தைப் புதிய அளவுக்குக் கடைந்து, மறுபடி பூச்சு ஏற்றி, வைரக் கற்களால் இறுதி அளவுக்கு மெருகிட வேண்டும். அதைச் செய்யும் சிறப்புப் பட்டறைகள் இருக்கின்றன. ஆனால் தெருமுனை லேத்தில் முடியும் வேலை அல்ல.

எஸ்.சி. வாங்கியவர் எல்லாருக்கும் நிகாசில் வாய்க்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சில வண்டிகளில் கோல்பென்ஷ்மிட் நிறுவனத்தின் அலுசில் சிலிண்டர்கள் இருக்கும். அதில் பூச்சே கிடையாது. சிலிக்கன் மிகுந்த அலுமினியக் கலவையின் மேற்பரப்பை வேதிமுறையில் அரித்து, சிலிக்கன் படிகங்களை வெளித்தெரியச் செய்து, அவற்றின்மேல் ரிங்கை ஓடவிடுவார்கள். அதனோடு ஓடும் பிஸ்டனின் பக்கவாட்டில் இரும்புப் பூச்சு இருக்கும். நிகாசிலுக்கான சாதாரண அலுமினிய பிஸ்டனை அலுசில் சிலிண்டரில் போட்டால் இரண்டும் உரசிப் பிடித்துக்கொள்ளும். எது எது என்பதைச் சிலிண்டரின் அடியில் வார்த்திருக்கும் நிறுவன முத்திரை சொல்லிவிடும். இதைப் பார்க்காமல் பிஸ்டனுக்கு மட்டும் பணம் அனுப்புகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

என் சிலிண்டர்கள் மாலே நிகாசில். அளந்தபோது தேய்மானம் எல்லைக்குள்தான் இருந்தது. நிகாசிலின் பெருமையே அதுதான், ஒன்றரை லட்சம் மைல் ஓடிய பிறகும் மெருகுக் கோடுகள் தெரிவது அரிதல்ல. ஆகவே புது ரிங் மட்டும் போட்டு 95-ஐயே வைத்துக்கொள்ளும் வழி முழுமையாகத் திறந்திருந்தது. அது மலிவானதும் மானமுள்ளதுமான வழி. பெரிய சிலிண்டர் வேண்டும் என்பது தேவையால் எழுந்த முடிவு அல்ல, விருப்பத்தால் எழுந்தது. விருப்பம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அந்த விருப்பம் இன்ஜினின் உறுதியைக் குறைக்கக் கூடாது என்பதை நிபந்தனையாக வைத்துக்கொண்டேன்.

எஸ்.சி.-யின் அலுமினியக் கேஸில் சிலிண்டரின் அடிப்பகுதி இறங்கும் துளையின் விட்டம் 103 மி.மீ. முதல் கால 911-களில் அது 92; 2.7-இல் 97. உள்விட்டத்தை இந்த எண்ணிலிருந்து கழித்தால், கேஸுக்குள் இறங்கும் இடத்தில் சிலிண்டர்ச் சுவருக்கு எவ்வளவு கனம் கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். 80 மி.மீ. சிலிண்டருக்குப் பக்கத்துக்கு 6 மி.மீ. இருந்தது. 84-க்கு 4. 2.7-இன் 90-க்கு 3.5. எஸ்.சி.-யின் 95-க்கு மறுபடி 4. அதே துளையில் 98 போட்டால் 2.5. அதே துளையில் 100 போட்டால் 1.5 மி.மீ. மட்டுமே மிஞ்சும், அதில் சிலிண்டர் வட்டமாகவே நிற்காது. ஆகவே 100 வேண்டுமானால் கேஸின் துளையையே கடைந்து பெரிதாக்க வேண்டும்.

கேஸைக் கடைவது திரும்பிப் போக முடியாத வேலை. சிலிண்டரைத் திரும்பவும் 95-க்கு மாற்றிக்கொள்ளலாம், பிஸ்டனை மாற்றலாம், கேமை மாற்றலாம். கேஸில் வெட்டிய அலுமினியம் திரும்பி வராது. அதோடு, ஒவ்வொரு துளையையும் சுற்றி ஸ்டட்டுகள் எனப்படும் நீண்ட திருகுக் கம்பிகள் நான்கு கேஸில் திருகப்பட்டிருக்கின்றன. ஆறு சிலிண்டருக்கு மொத்தம் 24. சிலிண்டரையும் ஹெட்டையும் சேர்த்து நசுக்கிப் பிடிப்பவை அவைதான். இரண்டையும் பிடிக்க வேறு எதுவும் இல்லை. துளையைப் பெரிதாக்கும்போது அந்த ஸ்டட்டுகளுக்கும் துளைக்கும் நடுவே இருக்கும் உலோகம் குறைகிறது.

ஸ்டட்டுகள் இந்தக் குடும்பத்தில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1974 முதல் 1977 வரையிலான 2.7 இன்ஜின்களே சாட்சி. அவற்றின் கேஸ் மக்னீசியம். முழு அலுமினியச் சிலிண்டர் சூடானால் பழைய இரும்புக் குழல் சிலிண்டரைவிட அதிகமாக நீளும். எஃகு ஸ்டட் அந்த அளவுக்கு நீளாது. இழுப்பு முழுவதும் மென்மையான மக்னீசியத்தில் வெட்டிய திருகுமறையின் மேல் விழும். அமெரிக்க வண்டிகளில் மாசைக் குறைக்க வைத்த வெப்ப எரிகலன்கள் ஹெட்டின் அடியிலேயே சூட்டைக் குவித்தன. ஸ்டட்டுகள் கேஸிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தன. அதற்கு விடையாக, அலுமினியத்தின் நீட்சிக்கு நெருக்கமாக நீளும் டிலாவர் என்ற உலோகக் கலவையால் ஸ்டட் செய்தார்கள், எஸ்.சி.-யில் கீழ் வரிசை பன்னிரண்டும் டிலாவர், மேல் வரிசை எஃகு. டிலாவர் காலப்போக்கில் அரிப்பால் விரிசல் கண்டு முறியக்கூடியது என்பது பின்னர் தெரிந்தது. இன்ஜினைப் பிரித்தவர்கள் கீழ் வரிசையை எஃகுக்கு மாற்றிவிடுவதே இன்று பொதுவான வழக்கம், நானும் மாற்றினேன். அலுமினியக் கேஸில் எஃகு ஸ்டட் நன்றாகவே நிற்கிறது.

ஆக, கேஸைத் தொடாமல் இறங்கக்கூடிய மிகப் பெரிய அளவு 98. 70.4 வீச்சோடு அது 3186 சி.சி. ஆகிறது. 911 வட்டாரத்தில் இதைக் குறுவீச்சு 3.2 என்பார்கள், 3.2 கரேராவின் கொள்ளளவை, அதன் நீண்ட கிராங்க் இல்லாமலேயே எட்டும் வழி. 2.5 மி.மீ. சுவர் மெல்லியதுதான், ஆகவே புதிதாக, அந்த அளவுக்கென்றே வார்த்து நிகாசில் பூசிய சிலிண்டர்களையே எடுத்தேன். பழைய 95-ஐ 98-க்குக் கடைந்து மறுபூச்சு ஏற்றும் வழியும் உண்டு. பல ஆண்டு சூடாகி ஆறி நின்ற பழைய சிலிண்டர், சுவரில் ஒன்றரை மி.மீ.-ஐ இழந்த பிறகு எவ்வளவு காலம் வட்டம் கெடாமல் இருக்கும் என்ற கேள்விக்கு எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. எனவே அந்தப் பக்கம் போகவில்லை. பழையவற்றை உறையிட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

95-இலிருந்து 98 என்பது பரப்பளவில் 6.4 சதவீதம். மூன்று மில்லிமீட்டர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் அது அழுத்த விகிதத்தில் செய்யும் வேலையை எழுதிப் பார்த்தால் தலை நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கும். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 499 சி.சி., அழுத்த விகிதம் 9.3 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது எரியறையில் மிஞ்சும் இடம் 499-ஐ 8.3-ஆல் வகுத்தால் கிடைக்கும் 60.1 சி.சி. உள்விட்டம் 98 ஆனால் கொள்ளளவு 531. எரியறை அதே ஹெட்தான். பிஸ்டனின் மேல்முகத்தில் மேடாக எழும் குவியும் அதே பருமன் கொண்டது என்று வைத்துக்கொண்டால், விளிம்பில் கூடும் பரப்பால் அரை சி.சி. மட்டுமே சேரும். 531-ஐ 60.6-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் ஏறத்தாழ 9.8. யாரும் கேட்காமலேயே அழுத்த விகிதம் அரைப் புள்ளி ஏறிவிட்டது.

9.8 என்பது அறிமுகமில்லாத எண் அல்ல. 1981 முதல் ஐரோப்பிய எஸ்.சி.-க்கு போர்ஷே கொடுத்தது அதே 9.8-தான், 204 குதிரைத்திறன். ஆனால் அந்த வண்டிக்கு, நாக்கிங்கைத் தாங்கும் திறனைச் சொல்லும் ஆக்டேன் எண் ஐரோப்பிய அளவில் (ஆர்.ஓ.என்.) 98 உள்ள பெட்ரோல் வேண்டும். அமெரிக்கப் பம்பில் எழுதியிருக்கும் எண் இரண்டு ஆக்டேன் முறைகளின் சராசரி என்பதால், ஐரோப்பாவின் 98 இங்கே சுமார் 93-க்குச் சமம். கலிபோர்னியாவில் பம்பில் கிடைக்கும் உயர்ந்த பெட்ரோல் 91. கோடைகாலத்தில் சியெரா நெவாடா மலைச் சாலையில் கனத்த கியரில் ஏறும்போது காற்றுக்குளிர் ஹெட் எவ்வளவு சூடாகும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

பெரிய உள்விட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இதோடு சேர்கிறது. இந்த ஹெட்டின் எரியறை அரைக்கோள வடிவம். ஸ்பார்க் பிளக் நடுவில் இல்லை, ஓரமாக நிற்கிறது. பிளக்கில் பிறந்த தீ பிஸ்டனின் குவியைச் சுற்றிக்கொண்டு எதிர்ப் பக்கச் சுவருக்குப் போய்ச் சேர வேண்டும். உள்விட்டம் கூடக் கூட அந்தத் தூரம் கூடும். அழுத்த விகிதத்துக்காகக் குவியை உயர்த்தினால் அது தீயின் வழியில் சுவர் போல நிற்கும். தீ போய்ச் சேருவதற்கு முன்பே கடைசி ஓரத்துக் கலவை தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே நிற்கும் வரப்புகளை உடைப்பது அது. 964-இல் 100 மி.மீ. உள்விட்டத்தோடு 11.3 அழுத்த விகிதம் வைக்க முடிந்ததற்குக் காரணம், சிலிண்டருக்கு இரண்டு பிளக்கும் நாக்கிங்கை உணர்ந்து தீமூட்டலைப் பின்தள்ளும் மின்னணுவும் இருந்ததுதான். என் எஸ்.சி.-யில் ஒற்றைப் பிளக், பழைய டிஸ்ட்ரிபியூட்டர். ஹெட்டில் இரண்டாவது பிளக்குக்கு இடம் வெட்டலாம், பலர் வெட்டுகிறார்கள், பந்தய ஓட்டத்துக்கு அது சரி. சாலை வண்டிக்கு அழுத்த விகிதத்தை 9.5-இல் நிறுத்திவிட்டால் அந்தச் செலவே வேண்டியதில்லை.

9.8-ஐ 9.5 ஆக இறக்க இரண்டு வழிகள் இருந்தன. எளிதானது, சிலிண்டருக்கு அடியில் 0.25 மி.மீ. கேஸ்கட் ஒன்றைக் கூடுதலாக வைப்பது. 98 மி.மீ. உள்விட்டத்தில் 0.25 மி.மீ. என்பது 1.9 சி.சி.; மிஞ்சும் இடம் 62.5 ஆகும், விகிதம் 9.5 ஆகும். கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே விடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரிலிருந்து ஒன்றேகாலாக விரியும். அந்த விளிம்பில் கலவை நெருக்குண்டு நடுவுக்குத் தள்ளப்படுவதுதான் எரிதலைச் சீராக்குகிறது. நாக்கிங்கைக் குறைக்க அழுத்தத்தை இறக்கிவிட்டு, நாக்கிங்கைத் தடுக்கும் அந்த நெருக்கத்தையும் சேர்த்து விட்டுக்கொடுப்பது எனக்கு உவப்பாக இல்லை. ஆகவே குவியின் பருமனிலேயே இரண்டு சி.சி. குறைவாக இருக்கும்படி பிஸ்டன் வடிவத்தைத் தேர்ந்து, விளிம்பு இடைவெளியை ஒரு மில்லிமீட்டரிலேயே வைத்தேன். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போக விரும்பவில்லை. சூட்டில் ராடு நீளும், பேரிங் இடைவெளி இருக்கிறது, உச்சிச் சுழற்சியில் பிஸ்டன் சற்று மேலே எட்டும்.

இந்த எண்களை யாரும் விலைப்பட்டியலிலிருந்து எடுத்து நம்பக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹெட்டைத் தலைகீழாக வைத்து, துளையிட்ட கண்ணாடித் தகட்டால் மூடி, பியூரெட்டிலிருந்து திரவம் விட்டு எரியறையை அளக்க வேண்டும். பிஸ்டன் குவியையும் அதே முறையில், சிலிண்டருக்குள் குறிப்பிட்ட ஆழத்துக்கு இறக்கி அளக்க வேண்டும். விளிம்பு இடைவெளியை மென்மையான ஈயக் கம்பி வைத்து ஒருமுறை சுற்றி, நசுங்கிய கனத்தை அளந்தால் தெரியும். பிஸ்டன் பின்னின் அச்சுக்கு நேராகக் கம்பியை வைத்தால் பிஸ்டன் சாய்ந்து பொய் சொல்லாது. ஆறு சிலிண்டருக்கும் அளக்க வேண்டும். ஹெட்டுகள் பலமுறை முகம் சீவப்பட்டவையாக இருந்தால் ஒன்றுக்கொன்று ஒரு சி.சி. வரை வேறுபடுவதைக் காணலாம்.

சிலிண்டர்களின் உயரத்தையும் பார்க்க வேண்டும். மூன்று ஹெட்டுகளின் மேல் ஒரே கேம் பெட்டி உட்காருகிறது. ஒரு பக்கத்தில் ஒரு சிலிண்டர் மட்டும் உயரமாக இருந்தால் அந்தப் பெட்டி வளையும், கேம் இறுகும். தொழிற்சாலைச் சிலிண்டர்களில் 5, 6 என்று உயரப் பிரிவு பொறித்திருப்பது இதற்காகத்தான். ஒரு பக்கத்து மூன்றும் ஒரே பிரிவாக இருக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் புதுச் சிலிண்டர் வாங்கும்போது அந்த முத்திரை இருக்காது, மைக்ரோமீட்டர்தான் முத்திரை.

பிஸ்டனின் உலோகமும் தேர்வில் சேர்ந்தது. அடித்து உருவாக்கும் பிஸ்டன்களில் இரண்டு கலவைகள் பரவலாகக் கிடைக்கின்றன. 2618 என்பதில் சிலிக்கன் மிகக் குறைவு. அடியைத் தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் சிலிண்டரில் கூடுதல் இடைவெளி விட்டு அமைக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் தட்டும் ஓசை கேட்கும். 4032 என்பதில் சிலிக்கன் சுமார் 12 சதவீதம். குறைவாக விரியும், நெருக்கமாக அமைக்கலாம். நாளும் குளிரில் கிளப்பி, சூடாகும் முன்பே போக்குவரத்தில் நிறுத்தி ஓட்டும் சாலை வண்டிக்கு 4032-தான் சரி என்பது என் தீர்மானம். டர்போவோ பந்தயமோ இருந்தால் மறுபடி யோசிப்பேன்.

எரிபொருள் அமைப்பைப் பற்றி எனக்குத் தேர்வே இருக்கவில்லை. கலிபோர்னியாவில் 1976-ஆம் ஆண்டு மாடலும் அதற்குப் பிந்தையவையுமான பெட்ரோல் வண்டிகள், மிகப் புதியவை நீங்கலாக, புகைச் சோதனைக்குப் போக வேண்டும். குழாய்ப் புகையை அளப்பதோடு, மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று கண்ணாலும் பார்ப்பார்கள். ஆகவே வண்டியோடு வந்த பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பான பாஷ் கே-ஜெட்ரானிக்கை எடுத்துவிட்டு மூன்று தொண்டை வெபர் கார்புரேட்டர்கள் இரண்டை ஏற்றும் கனவு என் வண்டிக்கு இல்லை. கே-ஜெட்ரானிக் உள்ளே வரும் காற்றைத் தட்டு ஒன்றின் அசைவால் அளக்கிறது. கொள்ளளவு ஆறு சதவீதம் கூடினால் அதற்கேற்ற பெட்ரோலைத் தானே தருகிறது, ஆக்சிஜன் உணரி மிச்சத்தைத் திருத்துகிறது. அது தாங்காதது கேமின் முரட்டுத்தனம். உள்ளிழு வால்வும் வெளித்தள்ளு வால்வும் ஒரே சமயத்தில் அதிகம் திறந்திருந்தால், காற்று பின்னோக்கித் துடித்து அந்தத் தட்டை ஆட்டிவிடும். எனவே கேம் மென்மையானதாக இருக்க வேண்டும். கே-ஜெட்ரானிக்குக்கென்று செய்த பிஸ்டன்களில் வால்வுக்கான பள்ளங்களும் ஆழமில்லாதவை. இந்த இரண்டு காரணங்களாலும் 964-இன் கேம் வடிவத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதை ஏற்றிய பிறகு வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை அளப்பதில் சமரசம் கூடாது. உள்ளிழு வால்வுக்குக் குறைந்தது 1.5 மி.மீ., வெளித்தள்ளு வால்வுக்கு 2 மி.மீ. பின்னதற்கு அதிகம் வேண்டும், ஏனென்றால் அது சூட்டில் நீள்கிறது, இன்ஜின் வேகம் கூடும்போது பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டு வருகிறது.

இப்போது ஹெட். 1980 முதலான எஸ்.சி. ஹெட்டுகளின் உள்ளிழு வழி 34 மி.மீ. மட்டுமே, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் 39 இருந்தது. வால்வு இரண்டிலும் 49 மி.மீ.தான். என் இன்ஜினைக் கட்டிய மெக்கானிக் வழிகளை 38-க்குத் திறந்துவிடலாம் என்றார். உச்சித் திறன் கூடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1973-இன் அந்த எண்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. நான் வாங்கிய ஆறு சதவீதம் நடுச் சுழற்சியில் இழுவையாக வரப்போகிறது; குறுகிய வழி குறைந்த சுழற்சியிலும் காற்றை வேகமாக வைத்து அதற்குத் துணை செய்கிறது. வழியை அகலமாக்கினால் அந்த இழுவையை உச்சிக்கு நகர்த்துவேன். உச்சியில் மென்மையான கேமும் கே-ஜெட்ரானிக்கும் அதைப் பயன்படுத்த விடாது. வால்வு கைடுகளைப் புதிதாக்கி, இருக்கைகளைத் திருத்தி, வழியை 34-இலேயே விட்டேன்.

மிஞ்சியது சூடு. எரியும் பெட்ரோல் கூடினால் வெளியேற வேண்டிய வெப்பமும் கூடும், விசிறியோ பழையதுதான். இந்த இன்ஜினில் வெப்பத்தில் பெரும்பங்கை எண்ணெய் சுமக்கிறது. பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்சும் சிறு குழாய்கள் கேஸுக்குள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் அடைப்பின்றித் திறக்கிறதா என்று சோதித்தோம், ஏனென்றால் அகன்ற பிஸ்டனின் நடுப்பகுதிக்கு அதைவிட்டால் வேறு குளிர்ச்சி இல்லை. முன் வலது சக்கரத்தின் மேலே இருந்த வளைகுழாய்க் குளிர்விப்பானை எடுத்துவிட்டு, விசிறி பூட்டிய ரேடியேட்டர் வடிவக் குளிர்விப்பானை வைத்தேன். சிலிண்டருக்குச் செலவிட நினைக்கிறவர்கள் இதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் 95-இலேயே நின்று, அந்தப் பணத்தை ஹெட்டுக்கும் ஸ்டட்டுக்கும் கொடுக்கலாம்.

நிகாசிலில் புது ரிங் படிய வேண்டுமானால் இன்ஜினைத் தாலாட்டக் கூடாது. கிளப்பியவுடன் நீண்ட நேரம் வெறுமனே ஓடவிட்டால் ரிங்கும் சுவரும் பளபளப்பாகிவிடும். பிறகு எண்ணெய் குடிப்பது நிற்காது. கனிம எண்ணெய் ஊற்றி, சூடேறியதும் சாலைக்குக் கொண்டுபோய், மூன்றாவது கியரில் சுமை கொடுத்து ஏற்றி, கால் எடுத்து இறக்கி, மீண்டும் ஏற்றி ஓட்டினோம். அந்த முதல் எண்ணெயை விரைவிலேயே வடித்து, வடிகட்டியை வெட்டிப் பார்த்து, வால்வு இடைவெளியை மறுபடி 0.10 மி.மீ.-க்குச் சரிசெய்தோம். தீமூட்டலைத் தொழிற்சாலைக் குறியைவிட இரண்டு பாகை பின்னுக்கு வைத்துத் தொடங்கி, 91 பெட்ரோலோடு மலையேற்றத்தில் காது கொடுத்துக் கேட்டு, பிறகே குறிக்குக் கொண்டுவந்தேன்.